விடுதி வைஃபைக்கு விதி எழுதுவது யார்? பல்கலைக்கழகத் தகவல் தொழில்நுட்பக் கொள்கை உருவாகி ஒப்புதல் பெறும் வழி

விடுதி அறிவிப்புப் பலகையில் ஒரு ஏ4 தாள் ஒட்டியிருந்தது. இரவு 11 மணிக்கு மேல் வைஃபை கிடையாது, கடவுச்சொல்லைப் பிறருக்குக் கொடுத்தால் கணக்கு ஒரு மாதம் முடக்கப்படும் என்று நாலு வரி. தேதி இல்லை. அறைத் தோழருக்குக் கடவுச்சொல் கொடுத்த முதுகலை மாணவர் ஒருவரின் கணக்கை அந்தத் தாளை வைத்தே முடக்கினோம். மறுநாள் கணினி மையத்துக்கு வந்தவர், "சார், இது எந்த விதியில இருக்கு? அதை மட்டும் காட்டுங்க, நான் போயிடறேன்" என்றார். சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தின் கணினி மையத்தில் அப்போது நான் வேலை பார்த்தேன். கோப்புகளைப் புரட்டினேன், காட்ட ஒன்றும் இல்லை. "நாளைக்கு வாங்க தம்பி" என்று அனுப்பிவைத்தேன். அவர் ஆய்வேடு கொடுக்கப் பத்து நாள்தான் இருந்தது. இன்றும் அது உறுத்துகிறது.

சுற்றறிக்கை வேறு, கொள்கை வேறு. சுற்றறிக்கையை ஓர் அதிகாரி தன் பொறுப்பில் அனுப்பலாம், அடுத்து வருபவர் மாற்றிவிடலாம். கொள்கைக்குப் பின்னால் பல்கலைக்கழகத்தின் அதிகாரம் பெற்ற ஓர் அமைப்பின் தீர்மானம் இருக்க வேண்டும். அந்தத் தீர்மானத்துக்கு எண்ணும் தேதியும் உண்டு. ஒருவர் கணக்கை முடக்குவது, அவர் மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பது, அபராதம் போடுவது போன்றவற்றைச் சுற்றறிக்கையை மட்டும் நம்பிச் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அந்த அதிகாரம் எங்கே இருக்கிறது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் 1923ஆம் ஆண்டுச் சட்டப்படி நடக்கிறது. அங்கே செனட் என்னும் பேரவை, சிண்டிகேட் என்னும் ஆட்சிக் குழு, கல்விக் குழு மூன்றும் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்துக்கு 1978ஆம் ஆண்டுச் சட்டம், நிர்வாகம் சிண்டிகேட்டின் கையில். அண்ணா பல்கலைக்கழகம் இருக்கும் அதே சர்தார் படேல் சாலையில் உள்ள ஐஐடியோ 1961ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்துக்கு உட்பட்டது, அங்கே 'போர்டு ஆஃப் கவர்னர்ஸ்' என்னும் ஆளுநர் குழுதான் மேலிடம். எனவே பக்கத்து வளாகத்தின் கொள்கையை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி ஒட்டினால், இல்லாத குழுவுக்கு அதிகாரம் கொடுத்த ஆவணம்தான் கிடைக்கும். உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக்கின் மதிப்பீட்டில் தகவல் தொழில்நுட்பக் கொள்கை இருக்கிறதா, அதற்கு நிதி ஒதுக்கியிருக்கிறீர்களா என்ற கேள்வி உண்டு. குழு வருவதற்கு முந்தைய வாரத்தில் அவசரமாகப் பிறக்கும் கொள்கைகள் இப்படித்தான் ஆகின்றன.

சரி, முறையாகச் செய்தால் எப்படி நடக்கும்? துணைவேந்தரோ பதிவாளரோ ஒரு வரைவுக் குழுவை அமைப்பார். கணினி மைய இயக்குநர் மட்டும் அதில் இருந்தால் போதாது. மாணவர் விவரங்களில் மிக நுணுக்கமானவை தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் இருக்கின்றன. நூலகர், நிதி அலுவலர், விடுதிக் காப்பாளர், ஆசிரியர் பிரதிநிதி, மாணவர் பிரதிநிதி எல்லோரும் வேண்டும். பார்வையற்ற மாணவர் ஒருவராவது வரைவைப் பார்க்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவேன். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானில் திறக்காத உள்நுழைவுப் பக்கம் எத்தனை பெரிய தடை என்பது அவருக்குத்தான் தெரியும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இதைச் சலுகையாகச் சொல்லவில்லை, உரிமையாகச் சொல்கிறது.

வரைவுக் குழு முதலில் செய்ய வேண்டியது, கொள்கையையும் நடைமுறையையும் பிரிப்பது. 'ஒவ்வொருவரும் தன் கணக்கின் பாதுகாப்புக்குப் பொறுப்பு, பல்கலைக்கழகம் அதற்கான வசதியைச் செய்து தர வேண்டும்' என்பது கொள்கை. கடவுச்சொல்லில் எத்தனை எழுத்து, எப்போது மாற்றுவது என்பது நடைமுறை. இதைக் கொள்கைக்குள் எழுதிவிட்டால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் சிண்டிகேட்டுக்குப் போக வேண்டும். கடவுச்சொல்லைக் குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை கட்டாயம் மாற்ற வைப்பது பயனில்லை என்று அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017இலேயே சொல்லிவிட்டது. 90 நாள் விதியைக் கொள்கையில் எழுதிவைத்த இடங்கள் அதை எடுக்க முடியாமல் தவிக்கின்றன.

அடுத்தது சட்டம். இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000தான் அடித்தளம். மற்றவரின் கடவுச்சொல்லை மோசடியாகவோ நேர்மையற்ற நோக்கத்தோடோ பயன்படுத்தினால் 66சி பிரிவின் கீழ் 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அறைத் தோழருக்கு மனமுவந்து கொடுத்தது அந்தக் கணக்கில் வராது. இந்த வித்தியாசம் கொள்கையில் தெளிவாக இருந்தால் சின்னத் தவறுக்குப் பெரிய மிரட்டல் வராது.

இந்திய கணினி அவசரகால மீட்புக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு அரசு அமைப்புகளுக்கும் பொருந்தும். இணையத் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும், கணினி அமைப்புகள் தாமாகக் குறித்துவைக்கும் பயன்பாட்டுப் பதிவுகளை (லாக்) 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரவு சர்வர் முடங்கினால் அந்த 6 மணி நேரத்துக்குள் யார் யாரை அழைப்பது? கொள்கையில் ஒரு பதவியின் பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும். 180 நாள் பதிவுக்குச் சேமிப்பிடம் வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். ஆகவே வரைவு நிதிக் குழுவுக்கும் போயாக வேண்டும்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. பலரும் கவனிக்காத ஒன்று: இந்தச் சட்டத்தில் 18 வயது நிரம்பாதவர் குழந்தை. முதலாண்டில் சேரும் பிள்ளைகளில் பலருக்கு 17தான். அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் தேவைப்படலாம். கல்வி நிறுவனங்களுக்கு விதிகளில் விலக்கு உண்டு, ஆனால் படிப்பு, பாதுகாப்பு என்ற எல்லைக்குள்தான். இரவில் யார் எந்தத் தளம் பார்த்தார் என்று காப்பாளருக்குப் பட்டியல் அனுப்புவதை இதற்குள் அடக்குவது கடினம்.

நீதிமன்றங்களும் பேசியிருக்கின்றன. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017இல் சொன்னது. அந்த உரிமையில் கை வைக்க ஒரு சட்டமும் நியாயமான நோக்கமும் வேண்டும், கட்டுப்பாடு தேவைக்கு மேல் போகவும் கூடாது. கோழிக்கோடு அருகே ஒரு கல்லூரி விடுதியில் மாலை நேரத்தில் கைபேசி கூடாது என்ற விதியை ஏற்காத மாணவி வெளியேற்றப்பட்டார். இணைய வசதி கல்வி உரிமையோடும் தனியுரிமையோடும் சேர்ந்தது என்று 2019இல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லி, அவரைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் வைஃபை விதி எழுதுபவர் அதைப் படிக்காமல் பேனாவை எடுக்கக் கூடாது.

வரைவு தயாரானதும் பல்கலைக்கழகத்தின் சட்ட ஆலோசகர் பார்ப்பார். அதற்குமுன் மாணவர்களும் ஊழியர்களும் படித்துக் கருத்துச் சொல்லக் குறைந்தது 3 வாரமாவது கொடுக்க வேண்டும். தமிழிலும் கொடுக்க வேண்டும். ஆய்வகப் பணியாளரும் அலுவலக உதவியாளரும் இதற்குக் கட்டுப்பட்டவர்கள்தானே? புரியாத தாளில் கையெழுத்து வாங்கி என்ன பயன்? வந்த கருத்துகளில் எதை ஏற்றோம், எதை ஏன் ஏற்கவில்லை என்ற குறிப்பும் கோப்பில் இருக்கட்டும்.

தேர்வு, ஆய்வு தொடர்பான பகுதி இருந்தால் கல்விக் குழு வழியாகப் போகும். அப்புறம் பதிவாளர் அதைச் சிண்டிகேட் நிகழ்ச்சி நிரலில் சேர்ப்பார். துணைவேந்தர் பதவி காலியாக இருக்கும் காலத்தில் கன்வீனர் குழு நிர்வாகத்தைப் பார்க்கும், அப்போதும் கோப்பு இதே வழியில்தான் நகர வேண்டும். தீர்மானம் நிறைவேறியபின் பதிவாளர் ஆணை வெளியிடுவார். எந்தத் தேதியிலிருந்து நடப்பு, எப்போது மறு ஆய்வு, முறையீட்டை யார் கேட்பார் என்ற மூன்றும் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கணக்கை முடக்கியவரிடமே முறையிடச் சொல்லும் கொள்கை எனக்குக் கொள்கையாகத் தெரியவில்லை.

உங்கள் கணக்கு முடக்கப்பட்டால் எழுத்தில் காரணம் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் மாணவர் குறைதீர்க்கும் குழு இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு விதிமுறைப்படி அது 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். முடிவு திருப்தியாக இல்லாவிட்டால் 15 நாளுக்குள் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்பெர்சனிடம் போகலாம். தனியார், நிகர்நிலைப் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் இந்த வழி திறந்திருக்கிறது.

கொள்கை ஆவணத்தையே பார்க்க வேண்டுமா? அரசுப் பல்கலைக்கழகங்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005க்கு உட்பட்டவை. விதிகளையும் கையேடுகளையும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று 4ஆம் பிரிவு சொல்கிறது. வெளியிடாவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தோடு பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். நடப்பில் உள்ள தகவல் தொழில்நுட்பக் கொள்கையின் நகல், அதற்கு ஒப்புதல் தந்த தீர்மானத்தின் எண்ணும் தேதியும், இணையப் பதிவுகளைப் பார்க்க அதிகாரம் பெற்ற பதவிகளின் பட்டியல் ஆகிய மூன்றையும் கேளுங்கள். "ஏன் இப்படிச் செய்தீர்கள்" என்று கேட்டால் தட்டிக்கழிப்பார்கள், ஆவணத்தைக் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு அதே பல்கலைக்கழகத்தில், அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்தில் இரண்டாவது. ஐஐடி போன்ற மத்திய நிறுவனம் என்றால் மத்திய தகவல் ஆணையத்துக்குப் போக வேண்டும்.