கம்பியில் வரைந்த மனிதர்கள்

நான்கு ஐஸ் குச்சிகளை எடுத்து, முனைகளில் குண்டூசி குத்திச் சதுரமாகக் கோத்துப் பாருங்கள். விரலால் ஒரு பக்கம் தள்ளினால் சதுரம் அப்படியே சாய்ந்துவிடும். ஒரு குச்சியைக் கழற்றிவிட்டு மற்ற மூன்றை முக்கோணமாகக் கோத்தால், தள்ளினாலும் வடிவம் மாறாது. மூன்று பக்கங்களின் நீளம் மாறாதவரை கோணங்களும் மாற வழியில்லை. கூரைச் சட்டமும் மின்கோபுரமும் இதை நம்பித்தான் நிற்கின்றன. பிரிட்டிஷ் சிற்பி லின் சாட்விக்கின் சிலைகளும் அப்படியே.

1914-ல் லண்டனில் பிறந்த சாட்விக் சிற்பக் கல்லூரிப் பக்கம் போனதே இல்லை. 1930-களில் கட்டடக்கலை அலுவலகங்களில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் உலகப் போரில் கடற்படை விமானி. போருக்குப் பின், காற்றில் மெல்ல அசையும் தொங்கு சிற்பங்கள் செய்யத் தொடங்கினார். அவற்றைத் தாங்கச் செய்த கால்களே நாளடைவில் சிற்பமாகிவிட்டன. 1950-ல் வெல்டிங் கற்றுக்கொண்டார். ஆறே வருடத்தில், 1956-ல் வெனிஸ் பியனாலே என்ற பெரிய சர்வதேசக் கலைக் கண்காட்சியில், சிற்பத்துக்கான சர்வதேசப் பரிசு அவர் கைக்கு வந்தது. புகழ்பெற்ற சுவிஸ் சிற்பி ஜியாகோமெட்டிக்குத்தான் கிடைக்கும் என்று பலரும் எண்ணியிருந்த பரிசு அது.

களிமண்ணைப் பிசைந்து உருவம் எடுப்பவர் வெளித்தோலைப் பார்த்துக்கொண்டே வேலை செய்வார். சாட்விக் தொடங்கியது எலும்பிலிருந்து. மெல்லிய எஃகுக் கம்பிகளை வெட்டி, முனையோடு முனை பற்றவைத்து, முக்கோணம் முக்கோணமாக ஒரு கூண்டு கட்டுவார். தாளில் கோடு போட்டுப் பழகிய கை இப்போது வெற்றிடத்தில் கோடு போடுகிறது. கூண்டு தானாக நின்ற பிறகுதான் ‘தோல்’. ஜிப்சமும் இரும்புத்தூளும் கலந்த ஸ்டோலிட் என்ற கலவையை ஈரமாகக் குழைத்துக் கம்பிகளுக்கு நடுவே பூசுவார். காய்ந்தால் கல் மாதிரி இறுகிவிடும். கம்பிகளை அவர் மறைப்பதில்லை. இலை நரம்பு போல மேலே தெரியும். வீட்டுக்குத் தூண், உத்தரம் போட்டுவிட்டுச் சுவர் எழுப்புகிற அதே வரிசை இது. கட்டடக்கலையை அவர் விட்டுவிட்டார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்படி இறுகிய உருவங்கள் பல பிறகு வெண்கலத்திலும் வார்க்கப்பட்டன. சரி, எதற்காக அப்படி வார்க்க வேண்டும்? பழைய மாடியில் காங்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். இரும்பு துருப்பிடித்தால் முன்பைவிட அதிக இடம் கேட்கும். சுற்றியுள்ளதை நெட்டித் தள்ளி விரிசல் விடவைக்கும். மழையில் நிற்கும் கம்பிக் கூண்டுச் சிலைக்கும் அதே ஆபத்து உண்டு. வெண்கலத்தின் மேல் படியும் களிம்போ உள்ளேயிருக்கும் உலோகத்துக்கு ஓரளவு காப்பாகிவிடுகிறது. அதோடு, ஒரே மூலத்திலிருந்து பல பிரதிகளும் எடுக்கலாம்.

மெழுகு வார்ப்பில், மூல உருவத்தின் மேல் ரப்பர் அச்சு எடுத்து, அதன் உட்புறம் சில மில்லிமீட்டர் கனத்துக்கு மெழுகு பூசுவார்கள். மெழுகுக் கூட்டின் உள்ளும் புறமும் சூடு தாங்கும் கலவையை நிரப்பிச் சூளையில் வைத்தால் மெழுகு உருகி ஓடிவிடும். அது விட்டுப்போன இடுக்கில் வெண்கலம் பாய்கிறது. தனிச் செம்பு உருக 1,085 டிகிரி செல்சியஸ் வேண்டும். பத்தில் ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்து வெண்கலமாக்கினால் ஆயிரத்தை ஒட்டிய சூட்டிலேயே உருகி, நுணுக்கமான இடுக்குகளிலும் நன்றாக ஓடும். கனம் ஒரே சீராக இருப்பது இங்கே உயிர்நாடி. மெல்லிய இடம் முதலில் இறுகி, தடித்த இடம் பின்னால் ஆறிச் சுருங்கினால் பள்ளமோ விரிசலோ விழும்.

எனக்கு மிகவும் பிடித்தவை அவருடைய வெண்கல ஜோடிகள். ஆணுக்குச் சதுரத் தலை, பெண்ணுக்கு முக்கோணத் தலை. கண், மூக்கு எதுவும் கிடையாது. ஆனாலும் கழுத்தின் சாய்விலும், உடல் பாரம் எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது என்பதிலும் இருவருக்கும் நடுவே உள்ள நெருக்கம் தெரிந்துவிடுகிறது.

வார்ப்பு முடிந்து, சுற்றியுள்ள சூடு தாங்கும் கலவையை உடைத்து எடுத்தால், சிலை மேல் இரண்டு வகைக் கோடுகள் இருக்கும். ஒன்று, அச்சின் பாகங்கள் சேர்ந்த இடத்தில் விழுந்த தழும்பு. மற்றது சாட்விக் பற்றவைத்த கம்பியின் தடம். பட்டறைக்காரர் முதலாவதை அரத்தால் ராவி எடுத்துவிட்டு, இரண்டாவதைத் தொடாமல் விட வேண்டும்.