விடியும்வரை நிற்கும் தணல்

மார்கழி, தை மாதங்களில் உதகையின் புல்வெளிகளில் உறைபனி படியும் இரவுகளில், கணப்பு அடுப்பு உள்ள வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. படுக்கும் முன் அடுப்பு நிறையக் கட்டைகளைத் திணித்து, காற்று நுழையும் திறப்பை ஏறக்குறைய முழுவதும் அடைத்துவிடுவார்கள். நெருப்பு விடியும்வரை நிற்கும் என்பது நம்பிக்கை. நிற்கத்தான் செய்கிறது. ஆனால் விறகின் சூட்டில் கணிசமான பகுதி புகையோடு போய்விடுகிறது.

விறகு, 200 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் சிதைந்து வாயுக்களை வெளிவிடுகிறது. காய்ந்த விறகின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு இப்படித்தான் வெளியேறும். நாம் காணும் சுவாலை அந்த வாயு எரிவதுதான். எஞ்சும் கரியே தணல். வாயு முழுமையாக எரிய 600 டிகிரி அளவு வெப்பமும் தாராளமான காற்றும் வேண்டும். உதகை 2,200 மீட்டருக்கு மேல் இருப்பதால், அங்குள்ள காற்றில் ஆக்சிஜன் சமவெளியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதையும் நெரித்தால் எரியாத வாயு புகைபோக்கிக்குள் கருந்தாராகப் படியும். பின்னர் அந்தத் தாரே தீப்பிடிக்கலாம். நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடும் பெருகும்.

நெருப்பை நீட்டிக்க அடக்க வேண்டியது காற்றை அல்ல, விறகின் பரப்பை. 16 செ.மீ. சதுரக் கட்டையை நீளவாக்கில் நான்காகப் பிளந்தால் பக்கப் பரப்பு இரட்டிப்பாகும். வாயுவும் அதற்கேற்ப வேகமாகக் கிளம்பும். அதே நான்கையும் இடைவெளியின்றி நெருக்கி அடுக்கினால், உள்முகங்கள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு மீண்டும் ஒரே கட்டைபோல நடந்துகொள்ளும். சுள்ளியைக் குறுக்கும் நெடுக்குமாகப் போடுவது தேநீருக்கு வெந்நீர் வைக்க நல்லது, இரவுக்கு உதவாது.

ஆகவே தணலை அடுப்பின் கதவருகே, காற்று வரும் பக்கம் இழுத்துவிட்டு, பருத்த கட்டைகளைப் பின்னால் நெருக்கி அடுக்க வேண்டும். தீ முன்னிருந்து பின்னோக்கி மெல்ல நகரும். முதல் பதினைந்து, இருபது நிமிடம் காற்றை முழுமையாகத் திறந்துவைத்தால் கட்டைகளின் மேற்புறம் கருகும். அந்தக் கரி உள்ளே வெப்பம் பாய்வதைத் தடுத்து, வாயு வெளியேறும் வேகத்தைக் குறைக்கும். அதன்பிறகு திறப்பைச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம், சுவாலை அணையாத அளவுக்கு மட்டும்.

இத்தனையும் காய்ந்த விறகுக்கே பொருந்தும். ஒரு கிலோ நீரைச் சூடாக்கி ஆவியாக்க ஏறத்தாழ 2.6 மெகாஜூல் செலவாகும். ஒரு கிலோ காய்ந்த விறகு தரும் வெப்பத்தில் அது ஏழில் ஒரு பங்கு. பச்சை மரத்தின் எடையில் பாதி நீராகவே இருக்கலாம். விற்பவரைக் கேட்டால் எல்லா விறகும் காய்ந்ததுதான்! இரண்டு கட்டைகளைத் தட்டிப் பாருங்கள்: காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈர விறகு மந்தமாக ஒலிக்கும்.

விறகுக்குச் சீகை (வாட்டில்) மரமா, கற்பூர (யூகலிப்டஸ்) மரமா என்ற வாதம் இதற்குப் பிறகுதான். சம ஈரத்தில் கிலோவுக்குக் கிடைக்கும் வெப்பம் எல்லா மரத்திலும் ஏறக்குறைய ஒன்றே. கனமான மரம் அதே அடுப்புக்குள் அதிக எடை கொள்ளும், அவ்வளவுதான். இரண்டு பருவமழையும் மூடுபனியும் உள்ள மலையில், பிளந்த விறகைத் தரையிலிருந்து உயர்த்தி அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்துவிடுவதே நல்லது. தார்ப்பாயால் முழுவதும் போர்த்தினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.