டைமிங் பெல்ட் – முறைவார்

"டைமிங் பெல்ட் அறுந்துபோச்சுங்க, ஹெட்டைக் (எஞ்சினின் மேல்பாகத்தை) கழட்டோணும்." கோவைப் பக்கத்துப் பட்டறையில் இப்படிச் சொன்னால் கார்க்காரர் முகம் வாடிவிடும். செலவு அப்படி.

எஞ்சினின் கீழே சுழலும் கிராங்க் ஷாஃப்டையும் மேலே வால்வுகளை (காற்றும் புகையும் போய்வரும் வாசல்களை) திறக்கும் கேம் ஷாஃப்டையும் இணைக்கும் ரப்பர் பட்டைதான் இது. உட்புறம் பல் இருக்கும், ரப்பருக்குள் கண்ணாடி இழை ஓடும். கேம் சக்கரத்தில் பற்கள் இரட்டிப்பு என்பதால் கிராங்க் இரண்டு சுற்றினால் கேம் ஒரு சுற்று. கிரைண்டர் பெல்ட் வழுக்கினால் மாவாட்ட நேரமாகும், அவ்வளவுதான். இது ஒரு பல் தாண்டினாலே வண்டி இழுக்காது. ஓட்டத்தில் அறுந்தால், பல எஞ்சின்களில் திறந்து நிற்கும் வால்வை, சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் வந்து இடித்து வளைத்துவிடும். பெருமளவில் தயாரான கார்களில் 1962 வாக்கில் ஜெர்மனியின் கிளாஸ் 1004 கார் இதை முதலில் கொண்டுவந்தது. அதுவரை பெரும்பாலும் சங்கிலியோ பல்சக்கரமோதான். நம்மூரில் மாருதி 800, பழைய சான்ட்ரோ ஆகியவற்றில் இருப்பது பெல்ட்டே.

'பெல்ட்' லத்தீன் 'பால்ட்டியஸ்' (வாள் தொங்கவிடும் கச்சை) வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். தமிழில் 'வார்' இருக்கிறது. வார்தல் என்றால் நேராக நீளுதல். "வார்தல் போகல் ஒழுகல் மூன்றும் நேர்பும் நெடுமையும் செய்யும் பொருள" என்கிறது தொல்காப்பியம். நீளக் கீறிய தோலுக்கு வார் என்று பெயர். செருப்பு வார், தவில் வார் என்று இன்றும் சொல்கிறோம். பட்டை என்பாரும் உண்டு, தவறில்லை; ஆனால் மரப்பட்டை, கைப்பட்டை என்று அதற்கு வேலை அதிகம்.

சிக்கல் 'டைமிங்'கில்தான். 'நேர வார்', 'காலப் பட்டை' என்றெல்லாம் பெயர்த்தால் கடிகார உறுப்பு போல ஒலிக்கிறது. இந்த வாருக்கு மணி தெரியாது. பிஸ்டன் எங்கே நிற்கிறதோ அதற்கேற்ப எந்த வால்வு திறக்க வேண்டும் என்ற வரிசைதான் இதன் வேலை. அதற்குக் கொங்கு உழவரிடம் நல்ல சொல் உண்டு: முறை. கீழ்பவானி வாய்க்காலில் பாசனத் தண்ணீர் ஒற்றைப்படை மதகுக்கு ஒரு முறை, இரட்டைப்படை மதகுக்கு மறுமுறை. முறை வந்தால் மதகு திறக்கும், முடிந்தால் மூடும். ஆகவே முறைவார் என்பேன். டைமிங் செயின் முறைச்சங்கிலி, சக்கரங்களைச் சரியாகப் பொருத்த இட்டிருக்கும் டைமிங் மார்க் முறைக்குறி, வாரைத் தொய்யாமல் பிடிக்கும் டென்ஷனர் 'இறுக்கி'.

கழட்டி மாட்டுவதை இச்சொற்களிலேயே சொல்லிப் பார்க்கலாம். பேட்டரி ஒயரைக் கழட்டி, வெளி பெல்ட்டுகளையும் கிராங்க் புல்லியையும் (கிராங்க் முனையில் இருக்கும் சக்கரம்) முறைவாரின் மூடியையும் எடுக்கவும். முதல் சிலிண்டர் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, கிராங்கிலும் கேமிலும் முறைக்குறிகள் சேர்ந்திருக்கின்றனவா எனப் பார்க்கவும். இறுக்கியைத் தளர்த்தினால் முறைவார் கழன்றுவரும். அதன்பின் எந்த ஷாஃப்டையும் தனியாகத் திருப்பக் கூடாது. ஆயில் சீல் (எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் வளையம்) கசிந்தால் இப்போதே மாற்றிவிட வேண்டும். எண்ணெய் பட்டால் ரப்பர் கெட்டுவிடும். இறுக்கி இல்லாத பக்கம் தொய்வில்லாமல் புது வாரை மாட்டி, இறுக்கியை முடுக்கவும். உடனே ஸ்டார்ட் அடிக்காமல், ஸ்பேனர் போட்டுக் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றவும். எங்காவது தடுத்தால் பலம் கொடுக்காமல் நிறுத்தவும். சுற்று முடிந்ததும் முறைக்குறிகள் மறுபடி சேர்ந்தால் மூடியைப் போடலாம். ஒரு பல் விலகியிருந்தாலும் கழட்டி மாட்ட வேண்டியதுதான்.