குட்டி செட்டுக்குள் நீளமான தெரு

ஸ்டூடியோ செட்டுக்குள் அவ்வளவு நீளமான தெரு எப்படி அடங்குகிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கிராஃபிக்ஸ் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் கணினி வருவதற்கு வெகு முன்பே, 1927-இல் ஜெர்மன் இயக்குநர் முர்னாவின் 'சன்ரைஸ்' படத்திலேயே பின்னால் போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும் கட்டடங்களை அமைத்திருக்கிறார்கள்.

அடிப்படை, பள்ளியில் படித்த வடிவொத்த முக்கோணங்கள்தான். 24 அடி தள்ளி நிற்கும் 6 அடிக் கதவும், 12 அடி தள்ளி நிற்கும் 3 அடிக் கதவும் ஒரே அளவில்தான் தெரியும். கேமராவுக்கு ஒற்றைக் கண் என்பதால் வித்தியாசம் பிடிபடாது. கிட்டத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் சேர்ந்தே ஃபோகஸில் இருக்க லென்ஸின் துளையைச் சுருக்க வேண்டும். துளையின் அளவை எஃப் எண்ணால் சொல்வார்கள், எண் கூடினால் துளை சிறுக்கும். எஃப் 4-இலிருந்து எஃப் 16-க்குப் போனால் 16 மடங்கு வெளிச்சம் கேட்கும்.

சரி, கேமரா திரும்பினால்? அங்கேதான் குட்டு உடையும், எனக்குப் பிடித்த இடமும் அதுதான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஒரு விரலை முகத்தருகே பிடித்து, அதன் பின்னால் மறையும்படி இன்னொரு விரலைத் தள்ளிப் பிடியுங்கள். தலையை மெல்லத் திருப்புங்கள். பின்விரல் எட்டிப் பார்க்கும். தலை கழுத்தை அச்சாக வைத்துச் சுழல்கிறது. கண் அதற்கு முன்னால் இருப்பதால் திரும்பும்போது பக்கவாட்டிலும் நகர்ந்துவிடுகிறது. டிரைபாடில் கேமராவுக்கும் இதே கதி. சுழலும் அச்சு உடலுக்கு அடியில், பார்வை குவியும் இடமோ லென்ஸுக்குள். அதனால் கேமராவைப் பின்னுக்குத் தள்ளி, லென்ஸை முன்னாலிருந்து பார்த்தால் அதன் துளை எங்கே தெரிகிறதோ, அந்த இடம் அச்சுக்கு நேர்மேலே வரும்படி பொருத்துகிறார்கள். அப்புறம் எவ்வளவு திருப்பினாலும் கேமரா பார்க்கும் புள்ளி இடம் மாறாது. குட்டிக் கதவும் நிஜக் கதவும் ஒன்றைவிட்டு ஒன்று விலகாது.

கேமராவே தண்டவாளத்தில் நகர்ந்தால் இந்த உபாயமும் பலிக்காது. 2001-இல் வந்த 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முதல் பாகத்தில், உயரமான மந்திரவாதி காண்டால்ஃபும் குள்ளமான ஃப்ரோடோவும் மேசையில் பேசும் காட்சிக்காக மேசையையே இரண்டாக்கி, ஒன்றைக் கேமராவுக்கு அருகிலும் மற்றதைத் தள்ளியும் வைத்தார்கள். கேமரா நகர நகர, ஒரு நடிகர் அமர்ந்திருந்த மேடையும் கணக்காக நகர்ந்தது. இரு பாதி மேசைகளின் விளிம்பும் ஒட்டியபடியே தெரிந்தன. நடிகர்கள் பார்த்துப் பேசியதோ ஒருவரை ஒருவர் அல்ல, எதிரே இருப்பதாகக் கற்பனை செய்துகொண்ட முகங்களை.