பின்னணியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லாதீர்கள்

ஆகஸ்ட் மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை இங்கிலாந்தில் விடுமுறை. அதையொட்டிய வார இறுதியில் லிங்கன் நகரத்தில் ஸ்டீம்பங்க் திருவிழா நடக்கும். நீராவி யுகம் முடியாமலே தொடர்ந்திருந்தால் உலகம் எப்படி இருந்திருக்கும் என்ற கற்பனைக்கு உடை தைத்துப் போட்டுக்கொண்டு வருகிறவர்களின் கூட்டம் அது. 2009-இல் தொடங்கியது. பழைய மனநலக் காப்பகக் கட்டடத்தில் ஆரம்பித்ததால் ‘அசைலம்’ என்றே பெயர் வைத்தார்கள். இன்று கோட்டை, தேவாலயம், அதைச் சுற்றியுள்ள தெருக்கள் எல்லாம் விக்டோரியா காலத்து உடைகளால் நிறைந்துவிடும். தேநீரில் பிஸ்கட்டை நனைத்து, உடையாமல் கடைசிவரை வைத்திருந்து சாப்பிடும் போட்டி கூட உண்டு. நேரில் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

அது முடிந்த செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து எனக்கு மின்னஞ்சல்கள் வரத் தொடங்கும். உடையணிந்தவர்களைத் தனியாகப் படமெடுத்து, வேறொரு உலகத்தில் நிறுத்திக் கூட்டுப்படம் செய்து கொடுப்பது என் தொழில். இந்த வருடம் ஒரே வாரத்தில் நான்காவதாக வந்த மின்னஞ்சலைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அதை அனுப்பியவர் ஒரு பெண்மணி. எட்டு மாதம் உட்கார்ந்து தன் கையாலேயே தைத்த உடை. தோல் பட்டையில் பித்தளைக் குழாய்கள், பழைய கைக்கடிகாரங்களைப் பிரித்தெடுத்த பல்சக்கரங்கள், நெற்றியில் காகிள்ஸ் என்ற பெரிய காப்புக் கண்ணாடி, தலையில் இறகு செருகிய உயரத் தொப்பி. உடையைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. படத்தைப் பார்த்தால் வயிறு எரிந்தது. யாரோ நண்பர், உச்சி வெயிலில், லிங்கனின் ஸ்டீப் ஹில் தெருச் சரிவின் மேலே நின்றுகொண்டு கைபேசியில் கீழ்நோக்கி எடுத்திருக்கிறார். தொப்பி விளிம்பின் நிழலில் கண் இரண்டையும் காணோம். பாதங்கள் படத்துக்கு வெளியே. கூடவே ஒரு வரி: ‘இதை வெட்டி, இரவில் மின்னல் அடிக்கும் வானத்தில் பறக்கும் ஆகாயக் கப்பலின் மேல்தளத்தில் நிறுத்திக் கொடுங்கள். உங்களிடம்தான் ஃபோட்டோஷாப் இருக்கிறதே!’

இருக்கிறது. ஆனால் அதில் சூரியனை நகர்த்தும் பொத்தான் இல்லை.

எல்லோரும் நினைப்பது, கூட்டுப்படம் என்றால் ஆளை வெட்டுவதும் ஒட்டுவதும் என்று. வெட்டுவது இன்றைக்கு ஒரு வேலையே இல்லை. இறகும் வலைத்துணியும் கொஞ்சம் படுத்தும், அவ்வளவுதான். படத்தைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் வெளிச்சம். உச்சி வெயில் தலைக்கு மேலிருந்து விழுகிறது. மூக்கின் நிழல் உதட்டின் மேல் விழும், தாடையின் நிழல் கழுத்தை அறுக்கும். மின்னல் பக்கவாட்டிலிருந்து அடிக்கிறது என்றால் கன்னத்தின் ஒரு பக்கம் வெளுத்து மறுபக்கம் இருண்டிருக்க வேண்டும். உடையின் ஒவ்வொரு மடிப்பும் அதையே சொல்ல வேண்டும். ஒவ்வொரு பித்தளைப் பொத்தானிலும் மின்னும் புள்ளி அதே திசையில் இருக்க வேண்டும். நாற்பது பொத்தான் இருந்தால் நாற்பதும் சாட்சி சொல்லும். பார்க்கிறவருக்கு வெளிச்சக் கணக்கு தெரியாமல் இருக்கலாம். ஆனால் ‘ஏதோ ஒட்ட வைத்த மாதிரி இருக்கிறதே’ என்று குழந்தை கூடச் சொல்லிவிடும்.

நம் ஊர் ஸ்டூடியோக்களில் இறந்துபோன தாத்தாவின் பழைய படத்தையும் பாட்டியின் இன்றைய படத்தையும் சேர்த்து ஒரே சட்டத்தில் போட்டுத் தருவார்கள். எங்கள் வீட்டிலும் ஒன்று மாட்டியிருந்தது. தாத்தாவுக்கு வெளிச்சம் இடப்பக்கம், பாட்டிக்கு வலப்பக்கம். சின்ன வயதில் அந்தப் படம் ஏன் உறுத்துகிறது என்று தெரியவில்லை. இந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. அங்கே வேறு வழி இல்லை, தாத்தாவை மறுபடியும் நிற்க வைக்க முடியாது. நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள், உடையும் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. மறுபடியும் வந்து நில்லுங்களேன்!

திசை மட்டும் சரியாக இருந்தாலும் போதாது. வெயில் கூர்மையான நிழல் தரும், மேகமூட்டம் மழுங்கலாகத் தரும். வெளிச்சத்துக்கு நிறமும் உண்டு, அதைக் கெல்வினில் சொல்வார்கள்: எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். மெழுகுவத்தியின் வெளிச்சம் சுமார் 1,900 கெல்வின், நண்பகல் வெளிச்சம் 5,500. ஒருவரை நண்பகலில் எடுத்து லாந்தர் பக்கத்தில் நிறுத்தினால் முகம் மட்டும் நீலம் பாய்ந்து நிற்கும். அப்புறம் கேமராவின் உயரம். நெஞ்சு உயரத்தில் கேமரா இருந்தால், சமதளத்தில் நிற்கும் ஆளின் நெஞ்சை ஒட்டித்தான் தொடுவானம் போக வேண்டும். சரிவின் மேலிருந்து கீழ்நோக்கி எடுத்த ஆளைச் சமதளமான கப்பல் தளத்தில் நிறுத்தினால் அவர் முன்பக்கம் சாய்ந்து விழப் போகிறவர் போலத் தெரிவார். பாதம் இல்லாத ஆளுக்குச் செருப்பின் கீழே நிழல் போட முடியாது. நிழல் இல்லாதவர் தரையில் நிற்க மாட்டார், மிதப்பார்.

இதெல்லாம் கணினி வந்த பிறகு கண்டுபிடித்த ஞானம் இல்லை. எந்தக் காலத்து உடையைப் போட்டுக்கொள்கிறீர்களோ, அந்தக் காலத்துக்காரர்கள்தான் கூட்டுப்படத்தையே உருவாக்கினார்கள். அன்றைய கண்ணாடித் தகடுகள் நீல ஒளிக்கு மிகையாக உணர்ச்சி காட்டும். நிலத்துக்குச் சரியாக எடுத்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். அதனால் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே 1850-களில் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்துச் சேர்த்து அச்சிட்டார். 1857-இல் இங்கிலாந்தில் ஆஸ்கர் ரெய்லாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படம் செய்தார். விக்டோரியா மகாராணியே அதன் பிரதி ஒன்றை வாங்கினார். மறுவருடம் ஹென்றி பீச் ராபின்சன், சாகப்போகும் ஒரு பெண்ணும் அவளைச் சுற்றியிருக்கும் குடும்பமுமாக ஐந்து நெகட்டிவ்களில் ஒரு படம் செய்தார். துயரமான காட்சியை இப்படிப் படமெடுக்கலாமா என்று சிலர் சங்கடப்பட்டுப் பேசும் அளவுக்கு அது அமைந்தது. ராபின்சன் எப்படி வேலை செய்தார் தெரியுமா? முதலில் காகிதத்தில் வரைந்துகொள்வார். யார் எங்கே, ஜன்னல் எந்தப் பக்கம் என்று முடிவு செய்த பிறகுதான் ஒவ்வொரு ஆளாக நிறுத்தி எடுப்பார். 165 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் நாம் முதலில் எடுத்துவிட்டு, அப்புறம் எங்கே வைப்பது என்று யோசிக்கிறோம்.

ஆகவே உடை போடுகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். படமெடுக்கப் போகும் முன் பின்னணியை முடிவு செய்யுங்கள். பகலா இரவா, வெளியிலா உள்ளேயா, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? இந்த மூன்றுக்கும் பதில் சொன்னால் போதும். வரையத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு வட்டமும் ஓர் அம்புக்குறியும் போட்டுக் கொண்டுவாருங்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கும் கொஞ்சம். ஆளைச் சுலபமாக வெட்டுவதற்காகப் பின்னால் கட்டும் பச்சைத் திரையை மடித்து உள்ளே வையுங்கள். ஸ்டீம்பங்க் உடையில் பாதி பித்தளை, மீதி கண்ணாடி. இரண்டிலும் பச்சை போய் ஒட்டிக்கொள்ளும், அதைத் துடைக்க இரண்டு ராத்திரி போகும். நடுத்தரச் சாம்பல் துணி போதும், ஆளை அதிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். லென்ஸில் போலரைசர் என்ற பிரதிபலிப்பைக் குறைக்கும் வடிகட்டியைப் போட்டால் பித்தளையின் பளபளப்பு போய்விடும் என்று நம்பாதீர்கள். வெறும் உலோகத்தின் பிரதிபலிப்பை அது குறைக்காது, கண்ணாடியில்தான் வேலை செய்யும். காகிள்ஸில் உங்கள் சாஃப்ட்பாக்ஸ் (ஒளியை மென்மையாக்கும் விளக்குப் பெட்டி) தெரிந்தால் காகிள்ஸின் சட்டகத்தை லேசாகக் கீழே சாய்க்கச் சொல்லுங்கள். தொப்பி போட்டும் போடாமலும் ஒவ்வொன்று எடுத்து வையுங்கள், விளிம்பு நிழலில் கண் போய்விட்டால் கைகொடுக்கும். இடுப்பை இறுக்கும் உள்கச்சையான கார்செட்டை இறுக்கிக் கட்டியவரை மணிக்கணக்கில் நிற்க வைக்காதீர்கள். நடுநடுவே தளர்த்தி உட்காரச் சொல்லுங்கள், தண்ணீர் கொடுங்கள்.

புகைக்குண்டு வேண்டவே வேண்டாம். கையில் சூடு படும், எட்டு மாத உழைப்பில் கறை படியும். கறுப்புத் துணிக்கு முன்னால் புகையைத் தனியாக எடுத்து ஃபோட்டோஷாப்பின் ‘ஸ்கிரீன்’ கலப்பு முறையில் மேலே போட்டால் கறுப்பு மறைந்து புகை மட்டும் நிற்கும்.

அடுத்தது நான் கோபத்தோடே சொல்வது. ‘நிஜமாக இருக்கட்டும்’ என்று ரயில் தண்டவாளத்தில் போய் நிற்கிறார்கள். பழைய நீராவி ரயில் ஓடும் பாதைதானே, எப்போதோ ஒரு வண்டி வரும் என்று நினைப்பு. நீண்ட பாவாடை, கனத்த பூட்ஸ், பாதிப் பார்வையை மறைக்கும் காகிள்ஸ். இதோடு சரளைக் கல்லில் ஓட முடியுமா? பிரிட்டனில் தண்டவாளத்தில் அத்துமீறி நுழைந்தால் 1,000 பவுண்டு வரை அபராதம். ஆனால் நான் பயப்படுவது அபராதத்துக்கு இல்லை. கூட்டுப்படம் என்று ஒன்று இருப்பதே யாரும் அங்கே போய் நிற்க வேண்டாம் என்பதற்காகத்தான். தண்டவாளத்தை நடைமேடையிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் ஸ்டூடியோவில் நில்லுங்கள், போதும்.

பின்னணிக்கு இணையத்தில் கிடைத்த படத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள், அது இன்னொருவர் உழைப்பு. லண்டனில் 1865-இல் திறந்த கிராஸ்னெஸ் கழிவுநீரேற்று நிலையம் இருக்கிறது. சாக்கடைக்காகக் கட்டிய இடத்தில் அவ்வளவு அழகான வார்ப்பிரும்பு வேலைப்பாடு! நாட்டிங்ஹாம்ஷயரில் பேப்பிள்விக் நீரேற்று நிலையத்தின் நீராவி இயந்திரங்களும் அப்படித்தான். பார்வையாளர் நாளில் போய், விற்பனைக்கான படமா என்பதைச் சொல்லி அனுமதி கேளுங்கள். கேட்டதற்காக என்னை இதுவரை யாரும் விரட்டியதில்லை.

அதேபோல் திருவிழாவில் தெருவில் எடுத்த ஒருவரின் படத்தைக் கேட்காமல் வேறு காட்சியில் ஒட்டாதீர்கள். ‘ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா’ என்று கேட்டதற்கு அவர் சரி சொன்னது அந்தத் தெருவில் நிற்கும் படத்துக்கு. கையில் துப்பாக்கி கொடுத்து எரியும் ஊருக்கு முன்னால் நிறுத்த அவர் சம்மதிக்கவில்லை. குழந்தை என்றால் பெற்றோரிடம் கேளுங்கள், காட்சியை விளக்கிச் சொல்லுங்கள்.

செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் ஆகிவிடுமே என்று கேட்கிறார்கள். ஆகும். ஆனால் ஏழு பொத்தான் ஒன்பதாகிவிடும். அப்பாவின் கடிகாரத்திலிருந்து எடுத்துக் கோத்த சக்கரம் போய், எங்கும் இல்லாத ஒரு சக்கரம் வந்து உட்காரும். எட்டு மாதம் தைத்தவருக்கு அது தன் உடை இல்லை என்று பார்த்தவுடன் தெரியும்.

அந்தப் பெண்மணிக்கு இதையெல்லாம் இவ்வளவு கோபம் இல்லாமல் எழுதி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து ஒரு பெட்டியில் உடையோடு வந்தார். மின்னல் எந்தப் பக்கம் என்று கேட்டேன். யோசித்து, இடது பக்கம், பின்னாலிருந்து என்றார். கையில் ஒரு லாந்தர் வைத்துக்கொள்ளலாமா என்று அவரே கேட்டார். நீலத்தாள் கட்டிய ஃபிளாஷை இடப்பக்கம் பின்னால் உயரத்தில் வைத்தேன், ஆரஞ்சுத்தாள் கட்டிய சின்ன விளக்கை லாந்தருக்குள் ஒளித்தேன். பூட்ஸ் நுனி வரை முழு உருவமாக எடுத்தோம். வெட்டி ஒட்ட அன்று மாலை ஒரு மணி நேரம்தான் ஆனது.

திரையில் பெரிதாக்கிக் காட்டியபோது அவர் வானத்தைப் பார்க்கவே இல்லை. இறகுகளின் ஓரத்தில் நீலம் பட்டிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையில் ஒரு தையல் கோணலாகத் தெரிந்தது. எடுத்துவிடவா என்று கேட்டேன். வேண்டாம், தூக்கம் வராத ஒரு ராத்திரி தைத்தது, இருக்கட்டும் என்றார். அப்படியே விட்டு அச்சுக்கு அனுப்பினேன்.