மலிவு டிக்கெட்டும் மத்தியான வெயிலும்

மட்டக்களப்பு கல்லடியில் மாலை நேரக் கிளினிக் ஒன்று நடத்துகிறேன். சளி, காய்ச்சல், பிரஷர், சீனி என்று வருபவர்கள்தான் அதிகம். சில வருடங்களாக இன்னொரு கூட்டமும் வருகிறது: துபாய்க்குச் சுற்றுலா போய்த் திரும்பியவர்கள். முன்பெல்லாம் நம்மவர்கள் வளைகுடாவுக்குப் போனால் வேலைக்குத்தான் போவார்கள். இப்போது மகன் அங்கே இருக்கிறான், கலியாணம் முடித்து இருபத்தைந்து வருடம் ஆகிறது, ஐந்து நாள் பெக்கேஜ் மலிவாகக் கிடைத்தது என்று புருசனும் மனுசியுமாகப் போய்வருகிறார்கள். போகத்தான் வேண்டும். பிள்ளைகளை ஆளாக்கியதோடு தங்கள் கதை முடிந்தது என்று இருந்துவிட்டவர்கள் நம் தாய் தகப்பன்மார். இவர்களாவது நாலு இடம் பார்க்கட்டும்.

ஆனால் அந்த மலிவு எப்போது வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஜூன் முதல் செப்டெம்பர் வரை. ஹோட்டல்காரர் நம்மேல் உள்ள பாசத்தில் விலையைக் குறைப்பதில்லை. ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் அங்கே பகல் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். இரவிலும் 30 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது.

ஒரு தம்பதியின் கதை சொல்கிறேன். அவருக்கு ஐம்பத்தாறு வயது. பிரஷருக்கு லொசாட்டனும், கூடவே சிறுநீரை அதிகம் போகவைக்கும் குளிசை ஒன்றும் எடுப்பவர். மனைவிக்குச் சீனி வருத்தம். கட்டுநாயக்கவுக்கு இரவு பஸ்ஸில் ஏழெட்டு மணி நேரம், பிறகு விமானத்தில் நாலரை மணி நேரம், நித்திரையே இல்லை. மெட்ரோ நிலையத்திலிருந்து தள்ளியிருந்த ஹோட்டலை எடுத்திருந்தார்கள், இரவுக்கு நாற்பது திர்ஹம் குறைவு என்று. மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு மணிக்கு, டக்சிக்குக் கொடுக்க மனமில்லாமல், நிலையத்துக்கு இருபது நிமிடம் நடந்திருக்கிறார்கள். காலையில் அவர் குடித்தது ஒரு தேத்தண்ணீர். மனைவி அதுவும் இல்லை. "வழியில டொய்லட் தேடித் திரியேலாது டொக்டர், அதான் குடிக்கல்ல."

ரயிலில் ஏறிய பிறகு அவருக்குத் தலைச்சுற்று, குமட்டல். பையில் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. துபாய் மெட்ரோவுக்குள் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, பிடித்தால் 100 திர்ஹம் தண்டம் என்று மகன் முதல் நாளே சொல்லிவைத்திருந்தானாம். அந்த நூறு திர்ஹமுக்குப் பயந்து போத்தலை மடியில் வைத்தபடியே இருந்திருக்கிறார். அடுத்த நிலையத்தில் இறங்கும்போது கால் மடங்கி விழுந்தார். ஒரு மலையாளப் பையன் தூக்கி உட்காரவைத்து ஆம்புலன்சுக்குச் சொன்னான். ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். பயணக் காப்புறுதி எடுக்கவில்லை. ஹோட்டலிலும் டக்சியிலும் மிச்சம் பிடித்த காசு எல்லாம் ஒரே பில்லில் போனது. ஊருக்கு வந்து ரத்தம் பார்த்தபோது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.7, இருக்க வேண்டியதைவிடக் கூட. இரண்டு கிழமையில் பழைய நிலைக்கு வந்துவிட்டது, அது அவருடைய நல்ல காலம்.

இதைச் சொல்லி எச்சரித்தால் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள்: "நமக்குத் தெரியாத வெயிலா டொக்டர்?" ஓம், தெரியும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மட்டக்களப்பில் பகலில் வெளியே தலைகாட்ட முடியாது என்பதும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் நாம் என்ன செய்கிறோம்? கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் கிடக்கிறோம். வெயிலைத் தாங்குவது நம் உடம்பின் பெருமை என்று நினைக்கிறோம், பாதி நம் பழக்கத்தின் பெருமை. சுற்றுலாவில் அந்தப் பழக்கத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறோம். காசு கொடுத்து வந்திருக்கிறோம், அறைக்குள் கிடப்பதா என்ற எண்ணம்.

மண்குடத்துத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? குடத்தின் வெளிப்பக்கத்தில் கசியும் ஈரம் காற்றில் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. நம் தோலும் இதே வேலையைத்தான் வியர்வையால் செய்கிறது. குடத்தைச் சுற்றிக் காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருந்தால் கசிவு ஆவியாகாது, தண்ணீரும் குளிராது. துபாய் பாலைவன ஊர்தான், ஆனால் கடற்கரை ஊர். கோடையில் அந்தக் கடலே சூடாகக் கிடக்கும். ஓகஸ்ட் இரவில் ஏசி அறையிலிருந்து வெளியே கால் வைத்தால் மூக்குக்கண்ணாடி முழுக்க நீராவி படிந்துவிடும். நானும் மனைவியும் போனபோது, நகரத்துக்குள் நீளும் கிரீக் என்ற கடற்கழியின் கரையில் நின்று இரண்டு தரம் கண்ணாடியைத் துடைத்தேன், பிறகு கழற்றிப் பையில் போட்டுவிட்டேன். அந்தக் காற்றில் வியர்வை வழியும், ஆனால் உலராது. சட்டை நனையும், உடம்பு குளிராது. புது வெப்பத்துக்கு உடம்பு பழக ஒன்று இரண்டு கிழமை வேண்டும். பெக்கேஜோ ஐந்து நாள்.

அங்கே கட்டட வேலை செய்யும் நம் பையன்கள் வருடக்கணக்காக அந்த வெயிலுக்குப் பழகியவர்கள். அவர்களையே ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை, மத்தியானம் 12.30 முதல் 3 மணி வரை, திறந்த வெளியில் வேலை வாங்கக் கூடாது என்று அமீரகத்தில் சட்டம் இருக்கிறது. சுற்றுலாக்காரரைத் தடுக்கத்தான் சட்டம் இல்லை.

தலைச்சுற்று, குமட்டல், தசைப்பிடிப்பு, மிகுந்த களைப்பு வந்தால் அது வெயில் தாக்கத்தின் முதல் கட்டம். நிழலுக்கு, முடிந்தால் ஏசிக்குள் போங்கள், சட்டையைத் தளர்த்துங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். பேச்சு குழம்பினால், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வந்தால், மயங்கினால், அது வேறு கட்டம். உடம்புச் சூடு 40 பாகையைத் தாண்டியிருக்கலாம். மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ஆபத்து. அங்கே 998க்கு அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள். அது வரும்வரை உடம்பை நனைத்து விசிறுங்கள், கழுத்திலும் கமக்கட்டிலும் குளிரான எதையாவது வையுங்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பனடோலும் வேண்டாம், இந்தச் சூட்டுக்கு அது வேலை செய்யாது. வியர்வை நின்றால்தான் ஆபத்து என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. வியர்த்து ஒழுகியபடியே குழம்பிப் போகிறவர்களும் உண்டு.

சரி, காசு விடயத்துக்கு வருவோம். சிக்கனத்துக்கு நான் எதிரி இல்லை, எந்த இடத்தில் சிக்கனம் என்பதுதான் என் பேச்சு. ஹோட்டலின் நட்சத்திரத்தைக் குறையுங்கள், தேரா, பர் துபாய், கராமா பக்கம் சாதாரண அறை போதும். ஆனால் மெட்ரோவுக்கு ஐந்து நிமிட நடைக்குள் இருக்க வேண்டும். அந்த நாற்பது திர்ஹம் மிச்சத்தைத் தினமும் நாலு தரம் வெயிலில் நடந்து கட்டுகிறீர்கள். சாப்பாட்டுக்குக் கராமாவில் இட்லி, தோசை, மீன்கறிச் சோறு எல்லாம் கிடைக்கும். தேராவுக்கும் பர் துபாய்க்கும் இடையே கிரீக்கைக் கடக்கும் அப்ரா படகுக்கு ஒரே ஒரு திர்ஹம். பொழுது சாயும் நேரத்தில் அதில் போவதைவிட நல்ல காட்சி பெரிய டிக்கெட்டிலும் கிடையாது, இது என் அபிப்பிராயம். 828 மீற்றர் புர்ஜ் கலீபாவின் உச்சிக்கு ஏறத்தான் காசு, கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதும் நீரூற்றைப் பார்ப்பதும் இலவசம். காலை ஆறு முதல் ஒன்பது வரை வெளியே, மத்தியானம் மோலுக்குள் அல்லது கட்டிலில், பொழுது பட்ட பிறகு மறுபடி வெளியே. குளோபல் விலேஜ் என்ற திறந்தவெளிக் களியாட்டச் சந்தை கோடையில் மூடியிருக்கும், ஏமாறாதீர்கள்.

தண்ணீர் வாங்கக் கணக்குப் பார்க்க வேண்டாம். 2022 முதல் நகரத்தில் பல இடங்களில் போத்தலை இலவசமாக நிரப்பிக்கொள்ளும் குழாய்களும் வைத்திருக்கிறார்கள். ரயிலில் ஏறுமுன் குடித்துவிட்டு ஏறுங்கள். மோல்களிலும் மெட்ரோ நிலையங்களிலும் கழிப்பறை உண்டு, அது சுத்தமாகவும் இருக்கும். சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போனால் சரி, தேத்தண்ணீர் நிறத்தில் போனால் போதவில்லை. நாலைந்து ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்) பாக்கெட்டுகளையும் பையில் போடுங்கள், பாக்கெட்டில் எழுதிய அளவு தண்ணீரில்தான் கரைக்க வேண்டும்.

மருந்துப் பையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் பார்மசியில் இருமலுக்கும் நோவுக்கும் வாங்கும் சிலவற்றில் கோடீன் இருக்கும். கோடீன், டிரமடோல், டயசிபாம், நரம்பு நோவுக்குக் கொடுக்கும் பிரிகாபலின் எல்லாம் அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். அந்நாட்டு அரச இணையதளத்தில் முன்கூட்டியே அனுமதி எடுக்காமல் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே சிக்கல். "பக்கத்து வீட்டு அக்கா மகனுக்குக் குடுக்கச் சொன்னவ" என்று அடுத்தவர் பொதியை வாங்கிப் போகவே வேண்டாம். உங்கள் குளிசைகளைக் கடையில் வந்த அட்டையோடு, ஆங்கிலத்தில் எழுதிய மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். இன்சுலினும் கைப்பையில்தான்; விமானத்தின் அடிப்பகுதியில் உறைந்துபோகலாம், வெயிலில் நிற்கும் வாகனத்தில் கெட்டுப்போகலாம்.

பிரஷர் குளிசை, சிறுநீர் போகும் குளிசை, சீனிக்குக் கொடுக்கும் மெட்போமின் எடுப்பவர்கள் போவதற்கு ஒரு கிழமை முன்பே உங்கள் டொக்டரைப் பாருங்கள். உடம்பில் நீர் வற்றும்போது இவை வேறு மாதிரி வேலை செய்து கெடுதல் செய்யலாம்; அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சளிக்கு எடுக்கும் பிரிட்டோன் (Piriton) போன்ற குளிசைகளும் வியர்வையைக் குறைக்கும்.

சீனி வருத்தக்காரர் பாலைவன சபாரியில் செருப்பைக் கழற்றாதீர்கள். ஒரு அக்கா, மணலில் வெறுங்காலோடு நின்று படம் எடுத்தவர், மூன்று நாள் கழித்து என்னிடம் காலைக் காட்டினார். உள்ளங்காலில் ஐந்து ரூபாய்க் குத்தி அளவில் இரண்டு கொப்புளம், ஒன்று உடைந்து சீழ் வைத்திருந்தது. சுட்டதே அவருக்குத் தெரியவில்லை. காலில் உணர்வு குறைந்திருப்பதும் அன்றுதான் தெரிந்தது. ஆற ஆறு கிழமை எடுத்தது.

முதலில் சொன்ன தம்பதி பிறகு ஜனவரியில் மறுபடி போனார்கள். டிக்கெட் விலை கூட, அதனால் ஐந்து நாளை மூன்றாக்கிக்கொண்டார்கள். திரும்பி வந்து ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தை மேசையில் வைத்துவிட்டு, "இதில நான் ஒரு நாளைக்கு எத்தினை சாப்பிடலாம் டொக்டர்?" என்று மனைவி கேட்டார். இரண்டு என்றேன். "நான் சொன்னன்தானே" என்று புருசன் சிரித்தார். ஏற்கனவே வீட்டில் ஒரு பெட்டி முடிந்திருந்ததாம்.