கடிகாரத்தை அழுத்தும் கை

உலக இளையோர் செஸ் போட்டிகளில் வழக்கமான நேரக்கணக்கு இது: முதல் 40 நகர்த்தலுக்கு 90 நிமிடம், மிச்ச ஆட்டத்துக்கு 30 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடி கூடுதல். முதல் 40-க்கு மொத்தம் 110 நிமிடம் வரும். அதாவது நகர்த்தலுக்கு இரண்டே முக்கால் நிமிடம். தாராளமாகத்தான் தெரிகிறது. ஆனால் ஒரே சிக்கலில் அரை மணி நேரம் மூழ்கிவிட்டால், பிறகு அந்த 30 விநாடிகளை நம்பித்தான் ஆட வேண்டியிருக்கும். பிழைகள் குவிவதும் அப்போதுதான்.

காயை நகர்த்திய அதே கையால்தான், தன் நேரத்தை நிறுத்தி எதிராளியின் நேரத்தை ஓடவிடும் கடிகாரத்தை அழுத்த வேண்டும். அழுத்திய பிறகே நகர்த்தல் நிறைவுபெறும். ராஜாவுக்கு வந்த செக்கை, அதாவது நேரடித் தாக்குதலைக் கவனிக்காமல் வேறு காயை நகர்த்திவிட்டாலும், அழுத்துவதற்குள் கண்டுபிடித்தால் தண்டனை இல்லை. திருத்திக்கொள்ளலாம், தொட்ட காயால் முடிந்தால் அதையே ஆட வேண்டும். அழுத்திவிட்டால் அது விதிமீறல்: முதல் முறை எதிராளிக்கு 2 நிமிடம் கூடும், இரண்டாம் முறை பொதுவாக ஆட்டமே போய்விடும்.

சிப்பாய் கடைசி வரிசையை எட்டி வேறு காயாக, பெரும்பாலும் ராணியாக, மாறும் இடம்தான் பெரிய கண்ணி. அவசரத்தில் சிப்பாயை அங்கே வைத்து, ராணியை வைக்காமலே அழுத்துவதும் விதிமீறல். கையருகே ராணி இல்லையென்று யானையைத் தலைகீழாக நிறுத்தும் பழக்கம் பள்ளிக்கூடங்களில் இன்றும் இருக்கிறது. சர்வதேச விதிப்படி தலைகீழ் யானையும் யானைதான். கடிகாரத்தை நிறுத்தி நடுவரிடம் ராணி கேட்பதே சரி. அதற்கு விதி இடம் தருகிறது.

ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் சேர்த்து நகர்த்தும் கேஸ்லிங்கில் ராஜாவை முதலில் தொட வேண்டும். யானையைத் தொட்டால் அந்தப் பக்கம் கேஸ்லிங் செய்ய முடியாது, யானையைத்தான் நகர்த்தியாக வேண்டும். ஒரே நகர்த்தலுக்கு இரண்டு கைகளையும் பயன்படுத்திவிட்டு அழுத்தினால் அதுவும் விதிமீறல். 30 விநாடிக் கூடுதல் உள்ள ஆட்டத்தில் நேரம் எவ்வளவு குறைந்தாலும் நகர்த்தல்களை எழுதுவதை நிறுத்தக் கூடாது.

எழுத்து கைகொடுக்கும் இடம் ஒன்று உண்டு. பலகையில் காய்களின் ஒரே நிலை மூன்றாம் முறை வரப்போகிறது என்றால், நகர்த்தலை ஆடாமல் தாளில் எழுதி, கடிகாரத்தை நிறுத்தி, நடுவரிடம் டிரா கோர வேண்டும். ஆடி அழுத்திவிட்டால் கோரும் உரிமை எதிராளிக்குப் போய்விடும். வெற்றியைத் தேடும் எதிராளி அதைக் கோரமாட்டார். வேறு நகர்த்தலை ஆடிவிடுவார்.